தீவட்டி வெளிச்சத்துக்குத் தைத்தது

இலங்கையின் கண்டி எசல பெரஹரா ஊர்வலத்தில் யானைகள் உடுத்திவரும் துணியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் நிறத்தைத்தான் சொல்வார்கள். சிவப்பு வெல்வெட், நீல வெல்வெட், மேலே தங்கச் சரிகை, மினுக்குப் பொட்டு. எனக்கென்னவோ அந்தத் துணியின் உயிர் அதன் மேடுபள்ளத்தில்தான் இருக்கிறது என்று தோன்றும். தாமரை இதழ் வெல்வெட்டை விட்டு எழும்பி நிற்கிறது. கொடி புடைத்து ஓடுகிறது. பூவின் நடுப்பொகுட்டில் ஒரு கண்ணாடிக் கல் சரிகைக் கட்டுக்குள் இறுகி உட்கார்ந்திருக்கிறது. இவற்றில் எதையும் வெறும் நூலால் மட்டும் செய்துவிட முடியாது. நூலுக்குக் கீழே பருத்திக் கயிறோ, கம்பளத் துண்டோ, மட்டையோ வைத்து முதலில் மேடு கட்டுகிறார்கள். அதன்மேல்தான் சரிகை ஏறுகிறது.

மேடு எதற்கு என்று கேட்டால் வெளிச்சத்துக்கு என்பதுதான் பதில். பெரஹரா இரவில் போவது. யானைக்கு இருபுறமும், முன்னாலும் பின்னாலும் தீவட்டிக்காரர்கள் நடக்கிறார்கள். இரும்புக் கூடையில் கொப்பரை எரிகிறது. எண்ணெய் சொட்டச் சொட்ட, காற்று அடிக்கிற பக்கம் சுவாலை சாய்கிறது. இந்த வெளிச்சம் மேலே இருந்து விழுவதில்லை. பக்கவாட்டில், யானையின் விலாவைத் தடவிக்கொண்டு போவது. புடைப்பு வேலைக்கு இதைவிடத் தோதான வெளிச்சம் கிடையாது. அரை நெல்மணி உயரமே உள்ள ஒரு மேடுகூடத் தன் மறுபக்கத்தில் ஒரு நிழலை வீழ்த்தும். நிழல் விழுந்தால்தான் பூ துணியிலிருந்து பிரிந்து வெளியே வரும்.

தட்டையாகத் தைத்த சரிகையை அதே தீவட்டிக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் முழுவதும் பளிச்சென்று கொளுத்திப் போடும். அரை அடி நகர்ந்தால் முழுவதும் அணைந்து அழுக்கு மஞ்சளாய் நிற்கும். வளைந்த மேட்டின்மேல் ஓடும் சரிகைக்கு இந்தச் சங்கடம் இல்லை. அதன் முதுகில் எங்கோ ஓரிடத்தில், ஒரு மெல்லிய கோடாக, எப்போதும் வெளிச்சம் பட்டுக்கொண்டேயிருக்கும். யானை ஓர் அடி வைத்ததும் அந்தக் கோடு இதழின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நழுவுகிறது. அடுத்த அடியில் நுனிக்குப் போய்விடுகிறது. தீவட்டிச் சுவாலை துடித்தால் கோடும் துடிக்கிறது. யானை நடக்க நடக்கப் பூ திறந்து மூடுவது போலத் தெரிவதற்குக் காரணம் இந்தக் கோடுதான். தைத்தவர்கள் இந்த அசைவையும் நெருப்பையும் கணக்கில் எடுத்துத்தான் தைத்திருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

ஓர் இதழைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். வெல்வெட்டை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறார்கள். தட்டினால் தப்பட்டை போல அதிர வேண்டும். இதழின் வடிவத்தைச் சுண்ணக்கோட்டால் வரைந்தபின் கம்பளத்தில் இதழ்த் துண்டுகளை வெட்டுகிறார்கள். ஒன்று மிகச் சிறியது, அடுத்தது சற்றுப் பெரியது, கடைசியாக முழு இதழளவு. தெரியாதவர்கள் பெரியதைக் கீழே வைத்துச் சிறியதை மேலே அடுக்குவார்கள். அப்படி அடுக்கினால் படிக்கட்டு மாதிரி விளிம்பு விளிம்பாய்த் தெரியும், சரிகை ஒவ்வொரு படியிலும் இடறும். வேலை தெரிந்த கை சிறியதைத்தான் முதலில் வைக்கும். அதன்மேல் நடுத்தரம், எல்லாவற்றையும் மூடிப் பெரியது. உள்ளே இருக்கும் படிகள் மறைந்து மேற்பரப்பு வழுவழுப்பாக உருண்டு இறங்கும். நடு உயரம், ஓரம் தாழ்வு. நிஜத் தாமரை இதழின் முதுகு அப்படித்தானே இருக்கிறது.

மேடு கட்டியபின் சரிகை. இங்கே சாதாரணத் தையலின் விதி தலைகீழாகிறது. சரிகை துணிக்குள் நுழைந்து வெளியே வருவதில்லை. பட்டு இழையின்மேல் சுற்றிய உலோகத் தகடு அது, துணிக்குள் நாலு தரம் இழுத்தால் உரிந்துவிடும். ஆகையால் சரிகையைத் துணியின் மேலேயே கிடத்தி, தேன்மெழுகு பூசிய வேறொரு மெல்லிய நூலால் அங்கங்கே கட்டிப் பிடிக்கிறார்கள். இரட்டை இழையாகக் கிடத்தி, மேட்டின் ஒரு ஓரத்தில் ஒரு கட்டு, மேட்டைத் தாண்டி மறு ஓரத்தில் ஒரு கட்டு, அங்கே திரும்பி மீண்டும் இந்தப் பக்கம். மேட்டின் உச்சியில் மட்டும் ஊசி படுவதில்லை. உச்சியில் ஒரு கட்டு விழுந்தாலும் வெளிச்சக் கோடு அந்த இடத்தில் முறிந்துவிடும். இவ்வளவு தையலும் போட்டுவிட்டு, தையல் இல்லாத ஒரு வரம்பைக் காப்பாற்றுவதுதான் வேலையின் நுட்பம். முடிகிற இடத்தில் சரிகையின் நுனியைத் தடித்த ஊசியால் கீழே இழுத்து முதுகுப்புறத்தில் மடித்துத் தைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு வகை, நுண்கம்பியைச் சுருளாகச் சுற்றிய சுருள் சரிகை. ஆரி வேலை படிக்கிற நம் பிள்ளைகள் அதைச் சர்தோசி என்றே சொல்கிறார்கள். பேனைக்குள் இருக்கும் சுருள்வில்லைப் பத்தில் ஒரு பங்காக மெலித்தது போல இருக்கும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, மணி கோப்பது போல ஊசியில் கோத்து, மேட்டின் குறுக்கே படுக்க வைத்துத் தைப்பார்கள். துண்டு ஒரு மயிரளவு குறைந்தால் ஓரத்தில் கம்பளம் எட்டிப் பார்க்கும். மயிரளவு கூடினால் நடுவில் மடிந்து வெடித்து நிற்கும். இதழ் அடியில் அகன்று நுனியில் குறுகுவதால் ஒவ்வொரு துண்டும் வேறு நீளம். அளவுகோலும் கிடையாது, கண்தான் அளவு. நல்ல வேலையில் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் ஒரே சாய்வில் படுத்திருக்கும், விரல் நுனியால் தடவினால் எங்கும் தட்டுப்படாது. அவசர வேலையை ஒரே பார்வையில் கண்டுபிடிக்கலாம்: துண்டுகள் பல் விழுந்த சீப்பு மாதிரி ஆளுக்கொரு திசையில் நிற்கும்.

பதித்து வைக்கும் பொருள்கள் வேறு கதை. மினுக்குப் பொட்டின் அழகு அதை எங்கே குத்துகிறோம் என்பதில் இருக்கிறது. நடுவில் துளையிட்டு இறுக்கித் தைத்தால் துணியோடு ஒட்டி அசையாமல் கிடக்கும். விளிம்பில் துளையிட்டுச் சற்றுத் தளர்வாகத் தொங்கவிட்டால் யானையின் ஒவ்வொரு அசைவுக்கும் தனியாக ஆடும். ஒன்று மின்னுகையில் பக்கத்திலுள்ளது இருண்டிருக்கும். வயிற்றுப் பக்கம் பரவலாகத் தூவிய பொட்டுகள் இப்படி முறைவைத்து மின்னும்போது அந்தப் பெரிய உடம்பு முழுவதும் மூச்சு ஓடுகிற மாதிரி இருக்கும். கல்லைப் பதிக்கிற முறை இதற்கு எதிர்மாறு. கல் ஆடவே கூடாது. அதைச் சுற்றி முதலில் கயிற்று வளையம் கட்டி, வளையத்தின்மேல் சரிகை ஏற்றி, சரிகையின் உள் விளிம்பு கல்லின் ஓரத்தை ஒரு நூலளவு கவ்விப் பிடிக்கும்படி செய்கிறார்கள். நகை செய்கிற ஆசாரி தங்கத்தால் செய்வதைத் தையற்காரர் நூலால் செய்கிறார்.

இத்தனையும் மேசைமேல் விரிக்கிற துணிக்கு என்றால் பரவாயில்லை. உடுத்தப்போவது யானை. தலைக்கு ஒன்று, காதுகளுக்குத் தனி, துதிக்கைக்கு நீளமாய் ஒன்று, உடம்பு முழுவதற்கும் பெரிதாய் ஒன்று என்று துண்டு துண்டாகத் தைத்துக் கட்டுகிறார்கள். துதிக்கைத் துண்டுதான் தையற்காரரின் சோதனை. ஓயாமல் வளைகிற, சுருள்கிற, நீள்கிற உறுப்பு அது. நெற்றியிலிருந்து கீழ்வரை ஒரே கொடியாக மேடு கட்டி இறக்கினால் முதல் வளைவிலேயே சரிகை முறிந்து கயிறு வெளியே வந்துவிடும். ஆகையால் அங்கே மேடு சிறுத்துச் சிறுத்துப் போக வேண்டும். சின்னப் பூ, இடைவெளி, மறுபடி சின்னப் பூ. வளைவு இடைவெளியில் விழும், பூ தப்பிக்கும். நெற்றியோ அசையாத வெளி. பெரிய தாமரையையும், எவ்வளவு உயரமான மேட்டையும் அங்கே வைக்கலாம். எங்கே உயர்த்த வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதை யானையின் எலும்புதான் தீர்மானிக்கிறது.

கண்ணுக்கு இரண்டு துவாரங்கள் விட்டு, அவற்றைச் சுற்றி வளையம் வளையமாகத் தைத்திருக்கும். திருவள்ளுவர் ஒரு குறளில் உவமையாக எடுத்த படாம் யானையின் கண்ணை மறைப்பது. கண்டிக்காரரின் படாம் கண்ணைத் திறந்துவைக்கிறது. சரிகை வளையத்துக்கு நடுவே அந்தச் சின்ன ஈரமான கண் அசைகிறபோது, துணியில் பதித்த பொருள்களிலெல்லாம் விலையுயர்ந்தது அதுதான் என்று எண்ணத் தோன்றும். இத்தனை பாரத்தையும் வெக்கையையும் அது எப்படிப் பொறுக்கிறது என்ற எண்ணமும் கூடவே வரும். அது வேறொரு கட்டுரைக்கான விஷயம்.

யானைக்கு அடுத்தபடி, புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையையும் தேவாலயங்களையும் நிர்வகிக்கும் நிலமேமாரின் உடை. தியவதன நிலமேயும் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் பஸ்நாயக்க நிலமேமாரும் உடுத்திவரும் அந்த உடையே முழுக்க முழுக்க ஒரு மேடு கட்டும் கலை. இடுப்பைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஏற்றுகிற துணி ஆளையே இரண்டு பங்காகப் பருக்க வைக்கிறது. சட்டையின் தோள்கள் ஊதி நிற்கின்றன. நான்கு மூலைத் தொப்பி நாலு பக்கமும் கூர்த்து நடுவில் புடைத்திருக்கிறது, உச்சியில் பொன்னால் ஒரு குறுமரம். சட்டையின் மார்பிலும் தோளிலும் சரிகைக் கொடிகள். அரசரின் முதலமைச்சரான அடிகார் முன்னால் வரும்போது ஆள் வருவது தெரியக்கூடாது, பதவி வருவதுதான் தெரிய வேண்டும் என்று அரண்மனைத் தையற்காரர்கள் நினைத்திருப்பார்கள் போலும். கண்டி இராச்சியத்தில் அரசருக்கும் பிரதானிகளுக்கும் தைப்பதற்கென்றே ஹன்னாலி என்ற தையற்காரக் குடிகள் இருந்தன.

அதே ஊர்வலத்தில் கொடிகளும் வருகின்றன. கண்டி இராச்சியத்துப் பழைய மாகாணங்களின் கொடிகள்: நான்கு கோறளையின் சூரிய சந்திரர், மூன்று கோறளையின் இருதலைப் பறவை. இவை துணிமேல் துணி வெட்டி ஒட்டித் தைத்தவை, முற்றும் தட்டை. காற்றில் ஆட வேண்டிய துணிக்குள் கயிறும் கம்பளமும் வைத்தால் அது தொங்குமே தவிரப் பறக்காது. ஒரே ஊர்க் கைகள் ஒரே இருதலைப் பறவையைக் கொடியில் தட்டையாகவும், எம்பெக்கே தேவாலயத்து மரத்தூணில் புடைப்பாகவும் செய்திருக்கின்றன. எதில் செய்கிறோம் என்பதைப் பொறுத்துப் பறவை தன் உடம்பை மாற்றிக்கொள்கிறது.

இந்த வேலையையெல்லாம் முதன்முதலில் உட்கார்ந்து பார்த்து எழுதியவர்களில் ஒரு தம்பதியைச் சொல்லாமல் போக முடியாது. சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள ஆய்வுப் பணிக்குப் பொறுப்பாயிருந்தார். கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தவர் கைவினைஞர்களிடம் போய்ச் சேர்ந்தார். அவருடைய மனைவி எதெல் பூத்தையலையும் நெசவையும் கவனித்துச் சேகரித்தார். அந்த உழைப்பு 1908-இல் மத்தியகாலச் சிங்களக் கலை என்ற பெரிய நூலாக இங்கிலாந்தில் வெளிவந்தது. ஆங்கிலக் கைவினைஞர் வில்லியம் மொரிஸ் கவிஞர் சாசரின் நூற்பதிப்பை அச்சிட்ட அதே கை அச்சியந்திரத்தில், 425 பிரதிகள் மட்டும். எதெல் பிறகு எதெல் மெய்ரே என்ற பெயரில் இங்கிலாந்தின் கைநெசவு மறுமலர்ச்சிக்கு முன்னோடியானார். 1916-இல் தாவரச் சாயங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் இன்றும் சாயக்காரர்கள் கையில் இருக்கிறது. கண்டிக் கிராமத்துப் பெண்களின் நூலைத் தொட்டுப் பார்த்த விரல்கள் அவை என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

அவர்கள் விரும்பிச் சேர்த்தவற்றுள் வெற்றிலைப் பைகளும் உண்டு. அரண்மனைச் சரிகைக்கு மறுமுனையில் இருப்பது இந்தப் பை. பருத்தித் துணி, பருத்தி நூல், சிவப்பு, நீலம், வெள்ளை. நடுவில் வட்டத் தாமரை, சுற்றிலும் கொடி. பெரும்பாலும் சங்கிலித் தையல். இங்கே மேடு கட்டக் கயிறு தேவைப்படவில்லை. சங்கிலியை நெருக்கி நெருக்கி வரிசையாகப் போட, நூலே தன்னைத்தானே உயர்த்திக்கொள்கிறது. விளிம்பை இன்னும் தடிப்பாகப் பின்னிக் கட்டியிருப்பார்கள். யானைத் துணி தூரத்திலிருந்து நெருப்பில் பார்ப்பதற்கு. வெற்றிலைப் பையோ மடியில் வைத்து, பேச்சுக்கு நடுவே விரல் போகிற போக்கில் தடவுவதற்கு. அதன் மேடு கண்ணுக்கானதல்ல, பெருவிரலுக்கானது. நம் மலையகத்துக் கிழவிகளின் சுருக்குப் பை இதற்குத் தூரத்து உறவு, ஆனால் அதில் இவ்வளவு தையல் இல்லை. தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு வந்தவளுக்கு அதற்கு நேரம் ஏது.

தமிழ் வாசகருக்கு இந்த மேட்டுக்கலை அந்நியமில்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணப்பொடியும் கோந்தும் கலந்து மேடு எழுப்பி, கண்ணாடிக் கல் பதித்து, தங்கத் தாள் ஒட்டுவதும் இதே யோசனைதான். அதுவும் அகல்விளக்கு வெளிச்சத்தில் பூசையறைக்குள் பார்ப்பதற்காகப் பிறந்தது. கேரளத்தின் நெற்றிப்பட்டத்தில் பொன்முலாம் பூசிய செப்புக் குமிழ்களை உள்ளே பொதி வைத்த துணியில் வரிசையாகத் தைக்கிறார்கள். அங்கே உலோகமே மேடு. தேருக்குத் தொங்கவிடும் தஞ்சைத் தொம்பைகளில் துணிமேல் துணி. கண்டியை 1739 முதல் 1815 வரை ஆண்டவர்கள் மதுரைப் பக்கத்து உறவுள்ள நாயக்க அரசர்கள். பெரஹராவில் தலதா மாளிகைக்கு முதலிடம் தந்து இன்றைய ஒழுங்கை அமைத்தவரான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனும் அவர்களில் ஒருவர். கொண்டான் கொடுத்தான் உறவு இருந்த இடத்தில் சரிகையும் வந்து போயிருக்கும். ஆனால் இங்கே வந்தபின் அது பலாபெதி இதழ் வரிசைக்கும் லியவெல் கொடிக்கும் தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டது. கண்டித் தூண், கண்டித் தட்டு, கண்டிப் பாய், கண்டித் துணி எல்லாவற்றிலும் அதே கொடிதான் ஓடுகிறது.

இப்போது கொஞ்சம் குறை சொல்ல வேண்டும். யானைத் துணிகளில் மின்குமிழ் பதிக்கத் தொடங்கிப் பல காலமாகிறது. பூவின் நடுவில் ஒன்று, கண்ணைச் சுற்றி ஒரு வரிசை, விளிம்பு நெடுக ஒரு வரிசை. மின்கலமும் யானையோடு போகிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், கைபேசியில் படம் நன்றாக விழும், மறுக்கவில்லை. பதிப்பு வேலையின் கோணத்தில் பார்த்தாலோ அது தன் சுற்றத்தைக் கொன்றுவிடுகிற பொருள். கல்லும் பொட்டும் சரிகையும் வெளியிலிருந்து வருகிற வெளிச்சத்தைக் கடன் வாங்கித் திருப்பித் தருபவை. குமிழ் உள்ளே இருந்து எரிகிறது. அதைப் பார்த்த கண்ணுக்குப் பக்கத்து இதழின் நிழல் தெரியாது, மேடு தட்டையாகிவிடும். அத்தனை கம்பளத் துண்டுகளும் வீணாக அடியில் கிடக்கும். குமிழ் போட்ட யானையில் நான் பார்ப்பது யானையின் வடிவத்தில் ஒரு புள்ளிக்கோலம். குமிழ் அணைந்துபோன ஒரு யானை எப்போதாவது தீவட்டி நடுவே வந்தால் அதுதான் எனக்குப் பெரஹரா.

பெரஹராவின் பிற்பகுதி இரவுகளான ரந்தோலியில் கடைசி இரவு முடிந்து, கெட்டம்பேயில் மகாவலி ஆற்றில் நீர்வெட்டுச் சடங்கு நடந்தபின், பகல் பெரஹரா ஒன்று வரும். இரவுக் கூட்டத்தில் பாதிகூட அதற்கு நிற்காது. தையல் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதைத் தவறவிடக்கூடாது. பகல் வெயில் மேலிருந்து விழுவதால் மேடுகள் இரவின் பாதி உயரம்கூடத் தெரியாது. ஆனால் நூல் தெரியும். கறுத்துப்போன பழைய சரிகை இதழுக்குப் பக்கத்தில் பச்சை மஞ்சளாகப் புதுச் சரிகையில் ஓர் இதழ், அந்தக் காலத்து வெள்ளிக் கம்பிக்கும் இந்தக் காலத்துப் பிளாஸ்ரிக் சரிகைக்கும் உள்ள தூரம், விலாவில் உரசி உரசிப் பஞ்சு வெளியே வந்த இடம், அதை வேறு நிற நூலால் அவசரமாக இழுத்துக் கட்டிய ஒட்டு, எல்லாமே பட்டவர்த்தனம்.

இரவில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. தலதா வீதியின் மாடிகளில் வெளிநாட்டாருக்கென்று விற்கிற ஆசனங்களிலிருந்து யானையின் முதுகும் தலதா மாளிகைப் பேழை வைத்த சிவிகையும்தான் நன்றாகத் தெரியும். தையலுக்கு நடைபாதைதான் இடம், அதிலும் வீதி திரும்புகிற மூலை. நேரே போகும்போது விலாவில் ஒரு பக்கம்தான் தீவட்டியைப் பார்க்கும். மூலையில் யானை தன் உடம்பை மெல்லத் திருப்ப, நெற்றித் தாமரையில் தொடங்கிய வெளிச்சம் காது, தோள், விலா என்று ஒவ்வொரு இதழாக ஏறி இறங்கி வால் வரைக்கும் போய் முடியும். அந்த மூலைகளுக்குச் சனம் முண்டியடிக்கும், நடுப்பகலுக்கு முன்னரே பாயோடு போய்விட வேண்டும்.